கொடி திரும்பியது, ஊர் திரும்பவில்லை

போன மாதம் ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா பையனோடு உட்கார்ந்து ஒரு பழைய கார்ட்டூன் பார்த்தேன். ‘டைம் ஸ்குவாட்’. 2001இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய தொடர். எதிர்காலத்துப் போலீஸ்காரர் ஒருவர், ஒரு ரோபோ, ஓட்டோ என்கிற புத்தகப்புழுச் சிறுவன். தடம் மாறிப்போன வரலாற்றைப் பின்னோக்கிப் போய்ப் பழையபடி ஆக்குவது மூவருக்கும் வேலை. நாங்கள் பார்த்தது நெப்போலியன் கதை. ஐரோப்பாவையே நடுங்கவைக்க வேண்டிய மனிதர் மனைவி ஜோசபினுக்கு அடங்கிக் கிடக்கிறார். அவரை உசுப்பிப் போருக்கு அனுப்ப வேண்டும். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். முடிந்ததும் கேட்டான்:

“மாமா, இவனுங்க நம்ம ஊருக்கு வந்தா இன்னாத்த சரி பண்ணுவானுங்க?”

“பிரெஞ்சுக்காரன் கதையே இங்க இருக்குடா. மெட்ராஸ் மூணு வருஷம் அவங்க கையிலதான் இருந்துச்சு” என்றேன். அவன் நம்பவில்லை. புதுச்சேரி என்றால் பிரெஞ்சு, சென்னை என்றால் இங்கிலீஷ் என்றுதானே நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து, சில நாள் குண்டுவீச்சிலேயே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். 11 லட்சம் பகோடா தந்தால் ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் பேசி முடித்தார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இழுபறிக்கு நடுவே அக்டோபரில் அடித்த புயல் அவருடைய கப்பல்கள் சிலவற்றைக் காவு வாங்கியது. மிச்சத்தோடு அவர் கிளம்பியதும் டூப்ளே ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். மாறுவேடத்தில் தப்பிக் கடலூர்ப் பக்கம் போன ஆங்கிலேயரில் 21 வயதுக் குமாஸ்தா ஒருவரும் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ்.

அடுத்து நடந்தது அசல் டைம் ஸ்குவாட் கதை. 1748இல் ஐரோப்பாவில் எய்-லா-ஷபேல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், உலகம் போருக்கு முன் இருந்தபடி ஆக வேண்டும். கனடாவின் லூயிபூர் கோட்டை பிரான்சுக்கு, சென்னை இங்கிலாந்துக்கு. 1749 ஆகஸ்டில் கோட்டையில் கொடி மாறியது. வரலாறு சரியாகிவிட்டது!

கொடி மட்டும்தான் திரும்பியது. இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அன்று ஒரு ஊர் இருந்தது. நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகளும் வாழ்ந்த ஊர். வெள்ளைக்காரர்கள் அதைக் கருப்பர் நகரம் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலத்தில் கோட்டையை நெருங்கியிருந்த வீடுகளை இடித்துப்போட்டார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதைத் தவறாக நினைத்ததாகத் தெரியவில்லை. எதிரி வீடுகளின் மறைவில் நெருங்கிவிடக் கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று மிச்சத்தையும் அவர்களே இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. இன்று பூக்கடை அருகே நாம் பார்ப்பது பின்னால் கட்டியது. சனங்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். போன இடத்திலும் நிம்மதி இல்லை. 1758 டிசம்பரில் லாலியின் படை வந்து அந்தப் புது ஊரைச் சூறையாடியது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகுதான் முற்றுகை விலகியது.

பாஸ்டில் சிறை என்றால் நமக்கு 1789தான் ஞாபகம் வரும். அதற்கு வெகுகாலம் முன்பே சென்னையின் கணக்கு அங்கே போயிருக்கிறது. சென்னையை விட்டுக்கொடுக்கப் பார்த்தார் என்ற குற்றச்சாட்டில் லா பூர்தொனே அங்கே அடைபட்டார். 1751இல் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். இந்தியாவில் தோற்றுப்போன லாலியும் அங்கே கிடந்தார். 1766இல் பாரிசில் அவர் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று வால்டேர் எழுதினார், 1778இல் அது ரத்தானது. தளபதிகளுக்கு மறுவிசாரணை கிடைத்தது. கருப்பர் நகரத்து வீடுகளுக்கு வால்டேர் யாரும் வாய்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பையனை மாடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஹைதர் அலியின் குதிரைப்படை வந்துபோன பயத்தில் 1770 வாக்கில் புதிய ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம் அது. அந்த மதிலுக்காக விதிக்க நினைத்த வரிதான் வால்டாக்ஸ் ரோடு என்று பெயராக நிற்கிறது. பையன் செங்கல்லைத் தட்டிப் பார்த்தான்.

“நம்ம வூடு இதுக்கு உள்ளயா, வெளியயா மாமா?”

“வெளியடா. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாமே வெளிய.”

“அப்போ சண்டை வந்தா நம்மள யாரு பாத்துப்பாங்க?”

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் வாளியால் மொண்டு அள்ளினார்கள். அந்தப் படகுகள் என் கண்ணுக்குள் வந்து போயின. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

“அந்த டைம் ஸ்குவாட் வந்தா எங்க போவச் சொல்லுவ?” என்று திருப்பிக் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “மொதல்ல அந்த வூடுங்கள இடிக்காம நிறுத்தச் சொல்லுவேன். நெப்போலியன அப்புறம் பாத்துக்கலாம்.”