பிலிம் கேமராவும் டிஜிட்டல் கேமராவும்: ஒரு தேர்வின் வரலாறு

பொழுதுபோக்காகப் படம் எடுக்கத் தொடங்கும் ஒருவர் பிலிம் கேமரா வாங்குவதா, டிஜிட்டல் கேமரா வாங்குவதா என்பது இப்போது மீண்டும் கேட்கப்படும் கேள்வி. எதில் படம் நன்றாக வரும் என்றே பலரும் விவாதிக்கிறார்கள். ஆனால் நூற்றுமுப்பது ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், இந்தத் தேர்வைப் பெரும்பாலும் தீர்மானித்தது தரம் அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் செலவுதான்.

காசு சுருளில் இருந்தது

1888இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் முதல் கோடாக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புதிய சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை புகைப்படம் எடுப்பவருக்கு வேதியியலும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை நீங்கியபோதுதான் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் என்ற ஆளே பெருமளவில் உருவானார்.

1900இல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரே ஒரு டாலர். ஆறு படங்களுக்கான சுருள் 15 சென்ட். கேமராவை ஒரு முறைதான் வாங்குவார்கள், சுருளை ஆயுள் முழுதும் வாங்குவார்கள் என்பதுதான் இதில் உள்ள கணக்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் விளங்கும்.

ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கேமராவை வடிவமைத்தார். 1925இல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற அதன் பட அளவே இன்றைய 'புல் ஃபிரேம்' டிஜிட்டல் கேமராக்களின் அளவும் ஆகும். ஒரு சுருளில் 36 படம் என்ற வழக்கமும் இந்தக் குடும்பத்திலிருந்தே வந்தது.

இந்தியாவில் அந்த 36 படங்கள்கூடப் பலருக்கு ஆடம்பரம்தான். வடோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமராக்களில் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்களே கிடைத்தன. பிலிமை நம் நாட்டிலேயே தயாரிக்க 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டது. தூசி குறைந்த குளிர்ந்த காற்று பிலிம் பூச்சுக்கு உகந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கியது; 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் கடைகளுக்கு வந்தன. வண்ணப் படம் பரவியபின் நிறுவனம் தடுமாறி, 1990களில் நலிவுற்றது. டிஜிட்டல்தான் அதைக் கொன்றது என்று சிலர் எழுதுவது சரியல்ல. டிஜிட்டல் கேமரா நம் கடைத்தெருவுக்கு வரும் முன்பே அது நோயாளி.

டிஜிட்டலின் வருகை

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னூட்டமாகச் சேகரிக்கும் சிசிடி சில்லை உருவாக்கினர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு ஒரு கேமராவைக் கட்டினார். எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் 100க்கு 100, அதாவது 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி ஆனது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்க்க முடிந்தது. சுருள் விற்று வாழும் நிறுவனத்திலேயே சுருள் தேவைப்படாத கேமரா பிறந்துவிட்டது. கோடாக் அதை அவசரப்பட்டுச் சந்தைக்குக் கொண்டுவராததில் வியப்பில்லை.

1991இல் அதே நிறுவனம் செய்தியாளர்களுக்காக விற்ற டிசிஎஸ் கேமரா 1.3 மெகாபிக்சல் கொண்டது. விலை சுமார் 20,000 டாலர். 2003இல் கேனன் ஈஓஎஸ் 300டி 6.3 மெகாபிக்சலுடன் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் கட்சிமாற்றம் அதிலிருந்து வேகம் பிடித்தது.

தரம் பற்றிய சண்டை அப்போதும் ஓயவில்லை. ஆனால் கணக்கு எளிது. 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1200க்கு 1800 புள்ளி, அதாவது சுமார் 2.2 மெகாபிக்சல் போதும். வீட்டு ஆல்பத்துக்கு வேண்டிய தரத்தை டிஜிட்டல் எப்போதோ தாண்டியிருந்தது. 301ஆவது படத்துக்கும் காசு இல்லை, எடுத்த படத்தை உடனே பார்க்கலாம் என்ற இரண்டுக்கும் பிலிமிடம் பதில் இருக்கவில்லை.

2004இல் கோடாக் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பிலிம் கேமரா விற்பதை நிறுத்தியது. 2006இல் நிக்கான் பெரும்பாலான பிலிம் கேமராக்களைக் கைவிட்டது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது.

இதற்கிடையே நடந்த கோடாக்குரோம் முடிவை, பிலிம் வாங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1935இல் வந்த அந்த வண்ணச் சுருளைக் கழுவும் முறை மிகச் சிக்கலானது. வீட்டில் செய்ய இயலாது. உற்பத்தி 2009இல் நின்றது. உலகில் அதைக் கழுவிய கடைசி ஆய்வகம், அமெரிக்காவின் கான்சஸில் இருந்தது, 2010 டிசம்பர் இறுதியோடு அந்த வேலையை நிறுத்தியது. கேமரா நன்றாக இருந்தது, கையில் சுருளும் இருந்தது. ஆனால் அதிலிருந்து வண்ணப் படம் பெற வழியில்லை. பிலிமைத் தேர்ந்தெடுப்பவர் கேமராவை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, அதைக் கழுவித்தரும் ஆய்வகத்தையும் சேர்த்தே நம்புகிறார்.

இன்றைய தேர்வு

2018இல் எக்டாகுரோம் சுருள் திரும்ப வந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமரா வெளியானது. அது பாதி அளவுப் படம் எடுப்பது. 36 படச் சுருளில் 72 படங்கள். சுருளின் விலைதான் பழைய பிரச்சினை என்பதை அதைச் செய்தவர்களும் அறிவார்கள்!

முதன்முதலாகக் கற்பவருக்கு டிஜிட்டலே ஏற்றது என்பது என் கருத்து. துளையை மாற்றினால் பின்னணி எப்படி மங்குகிறது என்பதை அதே நிமிடத்தில் பார்க்கலாம். பிலிமில் ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது, எந்தப் படத்துக்கு என்ன அளவு வைத்தோம் என்பதே மறந்துபோகும். குறித்து வைத்திருந்தால்தான் பயன்.

பிலிம்தான் வேண்டும் என்பவர் கறுப்பு வெள்ளையில் தொடங்கலாம். அதை வீட்டுக் குளியலறையில், ஒளிபுகாத பையும் ஒரு தொட்டியும் மூன்று நான்கு மருந்துகளும் கொண்டு தாமே கழுவலாம். ஆய்வகத்தை நம்பியிருக்க வேண்டாம். நெகட்டிவ் சுருளுக்குச் சற்றுக் கூடுதல் ஒளி கொடுத்தாலும் தாங்கும், குறைத்தால் நிழல்கள் வெறுமையாகிவிடும். டிஜிட்டலில் இது தலைகீழ்: மிகுதியான ஒளியில் வெண்மையாகிப்போன வானத்தை மீட்க முடியாது. பழைய கேமரா வாங்குவோர் அதன் ஒளிமானிக்கு எந்த மின்கலம் வேண்டும் என்று கேட்க வேண்டும். 1960, 70களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கிடைப்பதில்லை, 1.5 வோல்ட் மின்கலம் போட்டால் அளவு தவறும்.

இன்று பல ஆய்வகங்கள் சுருளைக் கழுவி, ஸ்கேன் செய்த படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகின்றன. பலர் அதோடு திருப்தியடைந்து நெகட்டிவைக் கேட்டு வாங்குவதே இல்லை. வன்தட்டு பழுதானால் அந்த ஸ்கேன் போய்விடும். ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் உறையிட்டு வைத்த நெகட்டிவ் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம்.