மறுகூட்டலும் மறுமதிப்பீடும்

பிளஸ் டூ மதிப்பெண்ணில் குறை இருப்பதாகக் கருதும் மாணவர் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் முறையிட மூன்று வழிகள் உண்டு: விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு. கல்லூரி இடம் எதை வைத்துக் கொடுக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே இந்த முறையீடுகளின் எடையும் காலந்தோறும் கூடிக் குறைந்திருக்கிறது.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பொதுத்தேர்வில் நழுவியதை நுழைவுத் தேர்வில் ஓரளவு ஈடுகட்டலாம் என்ற நிலை அப்போது இருந்தது. 2006-ல் இயற்றிய சட்டத்தால் 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு நீங்கியது. பயிற்சி வகுப்புக்காக நகரத்துக்குப் போக வசதியில்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி, ஊத்தங்கரை வட்டாரப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அன்றுமுதல் விடைத்தாள் திருத்துபவரின் சிவப்பு மையே முழுத் தீர்ப்பாகவும் ஆனது.

பொறியியல் கட்-ஆஃப் மொத்தம் 200: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்தவரை கணிதத்தில் இரண்டு மதிப்பெண் போனால்தான் கட்-ஆஃப்பில் ஒன்று குறையும். 2019-ல் பாடத்துக்கு 100 என்று ஆனபின், கணிதத்தில் விட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணும் அப்படியே கட்-ஆஃப்பில் இறங்குகிறது. இயற்பியலில் ஒன்று விட்டால் அரை போகும். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களை வரிசைப்படுத்தும்போதும் முதலில் கணித மதிப்பெண்ணையே பார்க்கிறார்கள். பிறந்த தேதியும் சமவாய்ப்பு எண்ணும் கடைசியில்தான். அதனால் ஒரு மதிப்பெண்ணில் தரவரிசை வெகுதூரம் பின்னுக்குப் போய்விடும். பக்கத்திலுள்ள பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் பெற வேண்டியவர், கூடுதல் கட்டணத்தில் தொலைவிலுள்ள தனியார் கல்லூரிக்குப் போக நேர்வது இப்படித்தான்.

முறையீட்டு உரிமை எளிதில் வந்துவிடவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விதியில் இடமில்லை என்றால் மாணவர் அதைக் கோர முடியாது என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1984-ல் கூறியது. திருத்திய விடைத்தாளும் தகவலே, எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் தொழிற்கல்விக்கு வேண்டிய பாடங்களுக்குத்தான் மறுமதிப்பீடு முதலில் கிடைத்தது. மொழிப்பாடங்களுக்கு அது பிறகுதான் வந்தது.

மறுகூட்டலில் பார்ப்பது கூட்டலை மட்டும்: உள்பக்க மதிப்பெண் முகப்புத் தாளுக்கு ஏறாமல் விட்டதா, கூட்டியதில் பிசகா என்று. விடையை மீண்டும் திருத்துவது மறுமதிப்பீடு. அதற்கு முன் விடைத்தாள் நகலை இணையத்தில் பதிவிறக்கி, விடைக்குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கணக்கின் கடைசி விடை தப்பானாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அது விடுபட்டிருப்பதைப் பாட ஆசிரியரின் கண்தான் பிடிக்கும். உறைவிடப் பள்ளி மாணவருக்கு அந்த ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். பெற்றோர் மாந்தோப்புக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, மே மாத விடுமுறையில் ஆசிரியரைத் தேடி அலைய வேண்டும். மறுமதிப்பீட்டு முடிவில் மாற்றம் உள்ள பதிவெண்கள் மட்டுமே வெளியாகும். பட்டியலில் எண் இல்லையென்றால் பழைய மதிப்பெண்தான். ஏன் மாறவில்லை என்பதற்கு விளக்கம் வராது.

2017-ல் தேசிய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்ததும் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு பிளஸ் டூ முறையீடு பயனற்றுப் போனது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கிப் புதிய தரவரிசை வெளியிட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10-ல் உத்தரவிட்டது. கலந்தாய்வு அப்போதே நடந்துகொண்டிருந்தது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் உத்தரவையே ரத்து செய்தது. பிழை கேள்வித்தாளில் இருந்தும் தமிழில் எழுதியவர்களுக்கு எந்தப் பரிகாரமும் கிட்டாமல் போனது பெரும் அநீதி.

2021-ல் கொரோனாவால் பொதுத்தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். விடைத்தாள் இல்லாததால் மறுமதிப்பீட்டுக்கும் இடமில்லை; அதிருப்தி அடைந்தவர்கள் தனியாகத் தேர்வு எழுதலாம் என்றார்கள்.

அதே 2021-ல் அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கல்வி, விடுதிக் கட்டணங்களையும் அரசே ஏற்றது. ஆனால் அண்மை ஆண்டுகளில் விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். மூன்று பாடங்களுக்கு இரண்டும் கேட்டால் 2,340 ரூபாய் ஆகிறது. கல்லூரிக் கட்டணத்தையே ஏற்கும் அரசு, அரசுப் பள்ளி மாணவரின் இந்தச் செலவையும் ஏற்க வேண்டும்.