காசநோய்க்கு மருந்து உண்டு, சர்க்கரைக்குக் கிடையாது: அகதிகள் விஷயத்தில் கனடா போட்ட விதி என்ன?

கனடாவில் வந்து இறங்கி அகதி அந்தஸ்து கேட்கிற ஒருவருக்கு மறுநாளே உடம்பு முடியாமல் போனால், ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது? அங்கே மருத்துவக் காப்பீடு மாகாண அரசுகளின் கையில் இருக்கிறது. கோரிக்கை ஏற்கப்படும் வரை இவர் பொதுவாக அதற்குள் வர முடியாது. இந்த இடைவெளிக்காக மத்திய அரசு நடத்துவதுதான் 'இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம்'. 1957-லிருந்து ஏதோ ஒரு வடிவில் இருந்து வருகிறது. டாக்டர், ஆஸ்பத்திரி செலவோடு மாத்திரை, பல், கண் சிகிச்சையும் இதில் உண்டு.

2012-ல் என்ன ஆச்சு?

ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு 2012 ஜூன் 30 அன்று இதில் கத்தரி வைத்தது. சாதாரண கனடியருக்கே இலவசமாகக் கிடைக்காத மாத்திரையும் பல் சிகிச்சையும் இவர்களுக்கு மட்டும் எதற்கு என்றது அரசு. 5 ஆண்டில் 10 கோடி டாலர் மிச்சமாகும் என்றும் கணக்கு சொன்னது. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அரசு உதவித்தொகையில் வாழும் ஏழைக் கனடியர்களுக்கு மாகாணங்கள் கொடுத்ததும் கிட்டத்தட்ட இதே சலுகைதான். அந்த ஒப்பீட்டை அரசு பேசவே இல்லை.

யாருக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் சிக்கல். பெரும்பாலான கோரிக்கையாளர்களுக்கு டாக்டரைப் பார்க்கலாம், மருந்துக்குக் காசு கிடையாது. இலங்கையிலிருந்து போனவர்களும் இதில்தான் வந்தார்கள். ஹங்கேரி, மெக்சிகோ மாதிரி 'பாதுகாப்பானவை' என்று அரசு பட்டியலிட்ட நாட்டுக்காரர்களுக்கும், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் இன்னும் மோசம். அவர்கள் நோய் மற்றவருக்கு ஆபத்து என்றால் மட்டுமே சிகிச்சை. காசநோயா, சரி. மாரடைப்பா, இல்லை. பிரசவமும் இல்லை. மனநலம் பாதித்தவர் அடுத்தவரைத் தாக்கக்கூடும் என்றால் உண்டு, தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைத்தால் கிடையாது!

யார் எந்தப் பிரிவு என்பது கிளினிக்குகளுக்கே புரியவில்லை. தகுதி இருந்தவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள், அமைச்சர்களின் நிகழ்ச்சிகளில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். மத்திய அரசு விட்ட செலவை கியூபெக் மாகாணம் உடனேயும், ஒன்டாரியோ 2014 ஜனவரியிலும் கையிலெடுத்தன. ஆக, மிச்சம் என்று சொன்ன பணத்தில் ஒரு பகுதி வேறு அரசின் கணக்குக்குத்தான் போனது.

கோர்ட் என்ன சொன்னது?

டாக்டர்களும் அகதி வழக்கறிஞர்களும் வழக்குப் போட்டார்கள். இன்சுலின் வாங்க வழியில்லாமல், இலவச சாம்பிளை நம்பியிருந்த ஆப்கானிஸ்தான்காரர் ஒருவரின் கதையும் வழக்கில் வந்தது. 2014 ஜூலை 4-ல் மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டாவிஷ், இந்த வெட்டு 'கொடூரமான, வழக்கத்துக்கு மாறான நடத்துமுறை' என்று தீர்ப்பளித்தார். குழந்தைகள் படும் பாட்டைத் தனியாகவே குறிப்பிட்டார்.

ஒன்றைக் கவனிக்கணும். சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது அரசியல் சட்டப்படி அரசின் கடமை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை, நலிந்த ஒரு கூட்டத்தைக் குறிவைத்து, நாட்டை விட்டுப் போகட்டும் என்பதற்காகப் பறித்ததுதான் தப்பு என்றார்.

இப்போது?

அரசு மேல்முறையீடு போனது. 2015 தேர்தலில் ஆட்சி மாறியதும் அது வாபஸ். 2016 ஏப்ரல் 1 முதல் பழைய சலுகைகள் முழுசாகத் திரும்பின. ஆனால் 2025 பட்ஜெட்டில் மறுபடி ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது: 2026 மே 1 முதல் ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 4 டாலர், பல், கண், கவுன்சலிங் போன்றவற்றில் 30 சதவீதம் அகதிகள் கைக்காசு. டாக்டர், ஆஸ்பத்திரி செலவில் மட்டும் கை வைக்கவில்லை.