வாந்தியை வென்ற துணை மருந்து

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு இன்று பரவலாகத் தரப்படும் மாத்திரையின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும்: லெவோடோபா, கார்பிடோபா. இவற்றுள் இரண்டாவது, நோயை எவ்விதத்திலும் தணிப்பதில்லை. அதை மட்டும் விழுங்கினால் நடுக்கம் இம்மியும் குறையாது. ஆயினும் அது துணைக்கு வரும்வரை முதலாவது மருந்தை உண்டவர்கள் பட்ட பாடு பெரிது.

மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் கலை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, கூட்டு மருந்தின் வீரியத்தைக் கணிதத்தால் அளந்தறிய முயன்று ஒரு நூலே எழுதினார். இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலின் ஐந்தாம் பகுதியை முழுவதும் கூட்டு மருந்துகளுக்கே ஒதுக்கினார். மூன்றாம் பகுதியில் 'ரஃஷா' எனும் நடுக்கத்தைப் பற்றியும் பேசுகிறார். அவர் கூறிய நடுக்கமெல்லாம் பார்க்கின்சன் நோயே என்று பெருமை கொள்வது மிகை. நடுக்கத்திற்குக் காரணங்கள் பல. இதனைத் தனி நோயாக இனங்கண்டு 1817-இல் எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

லெவோடோபாவின் கதை ஓர் அவரை இனத்தில் தொடங்குகிறது. 1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்கஸ் குகன்ஹைம் என்னும் வேதியியலார் அதனைப் பிரித்தெடுத்து, இரண்டரை கிராம் அளவைத் தாமே விழுங்கிப் பார்த்தார். கடுமையாக வாந்தி எடுத்தார். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் இராமசாமியும் நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதைகளிலிருந்து அதே பொருளைப் பிரித்தனர். அதனால் ஆகும் பயன் என்னவென்று அப்போது எவருக்கும் தெரியாது.

பயன் தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், மருந்தால் அசைவற்றுப்போன முயல்களுக்கு டோபாவைச் செலுத்த, அவை மீண்டும் நடமாடின. நோயாளிகளின் மூளையில் டோபமின் என்னும் பொருள் வற்றிப்போயிருப்பதை 1960-இல் வியன்னாவின் ஹார்னிகீவிச் கண்டார். மறு ஆண்டில் அவரும் பிர்க்மையரும் லெவோடோபாவை ஊசியாகச் செலுத்தினர். படுத்த இடத்திலிருந்து எழ இயலாதவர்கள் எழுந்து நடந்தனர். ஆனால் சில மணி நேரமே.

வாய்வழி கொடுத்தபோது குகன்ஹைமின் பழைய தொல்லை திரும்பி வந்தது. காரணம் இதுதான். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இயற்கையான தடுப்பு ஒன்று உண்டு. டோபமின் அதனைக் கடவாது; லெவோடோபா கடக்கும். ஆனால் குடலிலும் இரத்தத்திலும் உள்ள ஒரு நொதி, லெவோடோபாவை வழியிலேயே டோபமினாக மாற்றிவிடுகிறது. மூளையைச் சேர்வது மிகச் சிறு பங்கு. வெளியே தேங்கியது வாந்தியைத் தூண்டும். நியூயார்க்கின் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் சிறிதளவில் தொடங்கிப் பொறுமையாகக் கூட்டி, நாளொன்றுக்கு 16 கிராம் வரை டோபா கொடுத்துப் பலன் கண்டார். அத்தனையும் நோயாளியின் வயிறு தாங்க வேண்டியிருந்தது!

கார்பிடோபா அந்த நொதியைத் தடுக்கிறது. தானே மூளைக்குள் நுழைய இயலாது என்பதே அதன் சிறப்பு: வெளியே காவல் நிற்கும், உள்ளே நிகழ வேண்டிய மாற்றத்தில் தலையிடாது. இரண்டையும் சேர்த்தபின் லெவோடோபாவின் தேவை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தது. 1975-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அக்கூட்டு மாத்திரைக்கு 'சினமெட்' என்று பெயர். 'வாந்தியின்றி' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. விகிதம் பிறகும் திருத்தப்பட்டது. முதலில் ஒன்றுக்குப் பத்து; குறைந்த அளவு உண்பவர்களுக்குக் காவல் போதாமையால் ஒன்றுக்கு நான்கும் வந்தது. அல்-கிந்தியைத் துளைத்த கேள்வி இங்கும் எழுந்ததை எண்ணி வியக்கிறேன்.

பின்னர் வந்த என்டகபோன் மற்றொரு நொதியைத் தடுத்து மருந்தின் நேரத்தை நீட்டுகிறது. செலெஜிலின் மூளைக்குள் டோபமின் சிதைவதைக் குறைக்கிறது. ஃப்ளூ காய்ச்சலுக்கென வந்த அமான்டடின் தற்செயலாக இந்நோய்க்கும் உதவியது. எனவே வாப்பாவின் மருந்துச் சீட்டில் பெயர்கள் கூடியதும் "மருத்துவர் கைவிட்டுவிட்டார்" என்று வீட்டார் கலங்க வேண்டியதில்லை. பூனைக்காலிப் பொடி இயற்கையானது என்று மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து. அதிலும் இருப்பது அதே லெவோடோபா.

ரமளானில் இது கவனத்திற்குரியது. பகலில் பலமுறை மாத்திரை உண்பவர், நோன்பிற்காகத் தாமாக அதனை நிறுத்தினால் உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்துள்ளான்; குணமடைய வாய்ப்பில்லாத நோயெனில் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் உண்டு. நோன்பு நோற்க இயலும் என்று மருத்துவரே சொன்னால், மாத்திரைகளின் நேரத்தை ரமளானுக்கு முன்பே அவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இஃப்தாரில் மாத்திரையையும் கறியையும் ஒருசேர உண்ணலாகாது; புரதம் லெவோடோபாவோடு போட்டியிடும். மாத்திரை முதலில், ஏறத்தாழ அரைமணி கழித்துக் கறி.