உழவன் உணவும் ஆங்கிலக் கிராமத் தவறணையும்

ஆங்கிலக் கிராமத் தவறணைகளின் உணவுப் பட்டியலில் 'உழவன் மதிய உணவு' என்றொன்று காணப்படும். பாண், பாற்கட்டி, ஊறவைத்த வெங்காயம், இவற்றோடு ஒரு குவளை பியர். பன்னெடுங்காலமாக ஏர்பிடித்தோன் உண்ட உணவு இதுவே என்று பலரும் கருதுவர். பாணும் பாற்கட்டியும் பழையனவே. பெயரும் புகழுமோ மிக அண்மைக்காலத்தன. 1941இல் தொடங்கிய பாற்கட்டிப் பங்கீடு 1954இல் நீங்கியபின், விற்பனையைப் பெருக்க விழைந்த பாற்கட்டிப் பணியகம் இவ்வுணவைத் தவறணைகளிற் பரப்பியது. 1960களிற் பாற் சந்தைப்படுத்தற் சபை அப்பணியைத் தொடர்ந்தது. விளம்பரம் படைத்த மரபு எனின் மிகையன்று.

உண்மையான உழவன் எதை உண்டான்? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டபோது, அங்கு பசு மேய்த்த ஏழைக் குடியானவன் அவ்வுரிமையை இழந்தான். பாலும் பாற்கட்டியும் அவனுக்கு விலைப்பொருள்களாயின. 1795 மே மாதம் பார்க்சயரின் நீதவான்கள் ஸ்பீனம்லாந்தில் உள்ள பெலிக்கன் விடுதியிற் கூடி வகுத்த திட்டம் அவன் நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றது. 8 இறாத்தல் 11 அவுன்சு நிறையுடைய பாண் 1 சிலிங் விற்கும்போது உழைப்பாளிக்கு வாரம் 3 சிலிங்கும், மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்றரைச் சிலிங்கும் கிடைத்தல் வேண்டும். கூலி குறையின் ஏழைகள் வரியிலிருந்து நிரப்பப்படும் என்றனர். பாணின் விலையே மனிதனின் அளவுகோலாயிற்று. பாற்கட்டி அக்கணக்கில் இடம்பெறவேயில்லை. குறைகூலி கொடுத்த பண்ணையாளனுக்கே இத்திட்டம் பெரிதும் உதவியது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

1830ஆம் ஆண்டின் பியர்க்கடைச் சட்டம் இரண்டு கினி செலுத்திய வரியிறுப்பாளர் எவரும் தம் வீட்டிலேயே பியர் வடித்து விற்க வழிசெய்தது. நீதவானின் அனுமதி வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் 24,000க்கு மேற்பட்ட கடைகள் தோன்றின. கனவான்கள் தங்கும் விடுதிகளைப் போலன்றி, இவை உழைப்பாளரின் சொந்தக் கூடங்களாயின. நிலவுடைமையாளர் இவற்றை அஞ்சியதன் காரணம் குடிவெறி மட்டுமன்று; தம் கண்காணிப்புக்கு அப்பால் உழைப்பாளர் கூடிப் பேசியமையே.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் தென்னிங்கிலாந்தெங்கும் சூடடிக்கும் பொறிகள் உடைக்கப்பட்டன. 'கப்டன் ஸ்விங்' கிளர்ச்சி எனப்படும் இதற்குப் பியர்க்கடைகளே காரணம் எனப் பலர் குற்றஞ்சாட்டினர். ஆனால் கென்ற் மாவட்டத்தில் முதற்பொறி உடைந்தது ஓகஸ்ட் மாத இறுதியில். சட்டம் நடைமுறைக்கு வந்ததோ ஒக்டோபர் 10ஆம் திகதி. பசியைவிடக் குடியைப் பழிப்பது ஆள்வோர்க்கு எளிது போலும். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 480 பேர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

1869இல் பியர்க்கடைகள் மீண்டும் நீதவான்களின் அதிகாரத்துக்குள் வந்தன. பிற்காலத்திற் குடிப்போர் தொகை குறையக் குறைய, சமையலறையே பல தவறணைகளைக் காத்தது. காக்க இயலாதவை மூடப்பட்டன. கம்பிரியாவின் ஹெஸ்கெற் நியூமார்க்கெற் கிராமத்தார் 2003இல் தம் 'பழைய முடி' தவறணையைக் கூட்டுறவாக வாங்கித் தாமே உடைமையாளராயினர்.