பென்ஷன் பணம் வகுத்த பள்ளிக் கணக்கு

1905-ல் ஆண்ட்ரூ கார்னகி ஒரு கோடி டாலரை ஒதுக்கி வைத்தார். எஃகு ஆலைகளில் சேர்ந்த செல்வம் அது. வயதான கல்லூரிப் பேராசிரியர்களுக்கு பென்ஷன் கொடுப்பது அவருடைய நோக்கம். அன்றைய அமெரிக்காவில் பேராசிரியர்களின் சம்பளம் சொற்பம். பெரும்பாலான கல்லூரிகளில் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. இன்று டெக்சாஸிலோ கலிபோர்னியாவிலோ ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை பூர்த்தி செய்யும் பாடத் தேர்வுப் படிவத்துக்கு இந்தப் பணம்தான் மூலம்.

பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் சிக்கல் வந்தது. கல்லூரி என்று பலகை மாட்டிக்கொண்ட இடங்களில் பல, பள்ளிக்கூடத் தரத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. கார்னகி அறக்கட்டளையின் முதல் தலைவர் ஹென்றி பிரிட்செட் அதற்கு முன் எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்தவர். இந்த ஒழுங்கின்மை அவருக்கு நன்றாகத் தெரியும். அறக்கட்டளை ஒரு நிபந்தனை விதித்தது: சேர வரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் 14 யூனிட் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிற கல்லூரிக்கே பென்ஷன். ஒரு பாடத்தை ஓர் ஆண்டு முழுக்க, ஏறக்குறைய 120 மணி நேரம் வகுப்பில் படித்தால் ஒரு யூனிட். பென்ஷனுக்காகக் கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. கல்லூரிகளில் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டுமே என்று பள்ளிகளும் வழிக்கு வந்தன. சட்டம் எதுவும் இயற்றாமலே, சில ஆண்டுகளுக்குள் நாடு முழுக்க ஒரே கணக்கு பரவிவிட்டது.

கிரெடிட் என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த யூனிட்டின் வாரிசுதான். பிள்ளை எத்தனை மணி நேரம் உட்கார்ந்தது என்பது அதில் பதிவாகும். எவ்வளவு புரிந்துகொண்டது என்பது பதிவாகாது. இந்தக் குறையை அந்த அறக்கட்டளையே இப்போது ஏற்றுக்கொள்கிறது. 2023-ல் இ.டி.எஸ். தேர்வு நிறுவனத்தோடு கைகோத்து, மணிக்கணக்குக்குப் பதிலாகத் திறனை அளக்கும் வழிகளை உருவாக்கும் வேலையில் இறங்கியது.

யூனிட் வருவதற்கு முன்பே எந்தப் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்ற வாதம் தொடங்கியிருந்தது. 1892-ல் தேசியக் கல்விச் சங்கம் பத்துப் பேர் குழுவை அமைத்தது. தலைவர், ஹார்வர்டின் சார்லஸ் எலியட். அப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, தனித்தனி எதிர்பார்ப்பு. அதற்கெல்லாம் ஈடுகொடுக்க முடியாமல் பள்ளிகள் திணறின. குழு நான்கு பாடத்திட்டங்களை வகுத்தது. அதைவிடப் பெரிய விஷயம், அது சொன்ன ஒரு கொள்கை: கல்லூரிக்குப் போகிற பிள்ளையோ வேலைக்குப் போகிற பிள்ளையோ, ஒரு பாடத்தைப் படித்தால் இருவருக்கும் அதை ஒரே தரத்தில்தான் கற்பிக்க வேண்டும். நூற்றாண்டு தாண்டியும் இதைவிட நேர்மையான ஒரு வரையறை கிடைக்கவில்லை.

ஆனால் அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. 1890-ல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் இரண்டு லட்சம் பேர்தான் படித்தார்கள். 1910-ல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. குடியேறிகளின் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே வர வர, ஒரே கூரையின் கீழ் தனித்தனிப் பாதைகள் முளைத்தன: சிலருக்குக் கல்லூரிப் படிப்பு, சிலருக்குத் தட்டச்சும் கணக்கெழுத்தும், சிலருக்குப் பட்டறை. எல்லோருக்கும் கிடைப்பது டிப்ளமா என்ற ஒரே காகிதம். அதை வைத்து எந்தக் கதவைத் தட்டலாம் என்பது உள்ளே அடுக்கியிருந்த பாடங்களைப் பொறுத்தது. இதைத் தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பள்ளி கவுன்சலரின் வார்த்தையை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் உடைந்தது. மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கைது செய்யப்பட்டார். தங்களைத் தொழிற்பயிற்சி வகுப்புகளுக்கே தள்ளுகிறார்கள், கல்லூரிக்குத் தேவையான பாடங்களைக் காட்டுவதே இல்லை என்பது அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று. பாடத்திட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கிப் பேசியது அமெரிக்கக் கல்வி வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்களில் ஒன்று.

அடுத்த அடி ஃப்ளோரிடாவில் விழுந்தது. டிப்ளமா வேண்டுமானால் கிரெடிட் மட்டும் போதாது, மாநிலத் தேர்விலும் தேற வேண்டும் என்றார்கள். மூன்று முறை எழுதியும் தேறாதவர்கள் வெள்ளை மாணவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கறுப்பின மாணவர்களில் சுமார் 20 சதவீதம். அந்தக் கறுப்பினப் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது ஃப்ளோரிடாவில் இனவாரியாகப் பிரிந்த பள்ளிகள் இன்னும் இருந்தன. ‘டெப்ரா பி. எதிர் டர்லிங்டன்’ வழக்கில் 1979-ல் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 1981-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் நேரடியாகக் கேட்டது: கற்பித்ததைத்தானா கேட்கிறீர்கள், நிரூபியுங்கள்.

1983-ல் காற்று திசை மாறியது. ரீகன் அரசின் கல்விக் குழு வெளியிட்ட ‘ஆபத்தில் ஒரு தேசம்’ அறிக்கை, 35 மாநிலங்கள் டிப்ளமாவுக்கு ஒரே ஓர் ஆண்டு கணிதத்தை மட்டும் கேட்கின்றன என்று காட்டியது. ஆங்கிலம் நான்கு ஆண்டு; கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்று மூன்று ஆண்டு; கணினி அரை ஆண்டு என்று அது பரிந்துரைத்தது. மாநிலங்கள் வரிசையாக நிபந்தனைகளை உயர்த்தின. டெக்சாஸ் முக்கியப் பாடங்கள் எல்லாவற்றிலும் நான்கு ஆண்டு என்று ஏற்றி, 2013-ல் இறங்கி வந்தது: அடிப்படை டிப்ளமாவுக்கு 22 கிரெடிட், ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தால் 26. அந்தத் துறையை ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதினான்கு வயதிலா? ஆம். கணிதத்தில் அதற்கும் முன்பே. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க நினைக்கும் மாணவியின் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கலாம். பதினொன்றில் பிரீ-கால்குலஸ், பத்தில் அல்ஜீப்ரா இரண்டு, ஒன்பதில் ஜியோமெட்ரி. அப்படியானால் அல்ஜீப்ரா ஒன்றை எட்டாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும். எட்டில் அதை விட்டவள் பிறகு ஒரே ஆண்டில் இரண்டு கணிதம் எடுக்க வேண்டும், அல்லது கோடை விடுமுறையைக் கொடுக்க வேண்டும்.

மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அடிபட்ட பாப் மோசஸ் 1982-ல் இந்த எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத்தான் கையில் எடுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அவருடைய மகள் படித்த பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. அவரே போய்க் கற்பித்தார். அதிலிருந்து அல்ஜீப்ரா புராஜெக்ட் பிறந்தது. வாக்குச்சீட்டைப் போலவே அல்ஜீப்ராவும் குடியுரிமை என்பது அவர் நிலைப்பாடு. கணிதத்தை வாயிற்காவலனாக நிறுத்திவிட்டு, கடக்கும் வழியைச் சிலருக்கு மட்டும் சொல்வது அநீதிதான். அவர் சொன்னது சரி.

இன்றும் இந்தச் சண்டை ஓயவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 15 பாடங்களைக் கேட்கிறது; அவற்றில் 11 பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.  அதே மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோ, எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுபோகும் எண்ணத்தில், 2014-ல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்துவிட்டது. வசதியுள்ள பெற்றோர் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். 2024 மார்ச்சில் அந்த நகர வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை மீண்டும் கொடுங்கள் என்று பள்ளி நிர்வாகத்தை வலியுறுத்தினார்கள்.