முதல் பட்ஜெட் போட்டவர் ஏன் ஒரே வருஷத்துல பதவி விலகினார்?

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர்ல இருந்து இந்த எபிசோடு. சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட்டைப் போட்டவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். பேரு ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

பிறந்தது 1892ல். சட்டம் படிச்சவர், நீதிக்கட்சியோட நெருக்கமா இருந்தவர். 1933ல் தில்லி மத்திய சட்டசபையின் தலைவர் ஆனார். இப்போதைய சபாநாயகர் மாதிரியான பதவி. அதுக்கு முந்தின வருஷம் ஒட்டாவா மாநாட்டுல பிரிட்டிஷ் பொருட்களுக்கு வரிச்சலுகை தரும் ஒப்பந்தத்தை ஆதரிச்சிருந்தார். காங்கிரஸ் அதைக் கடுமையா எதிர்த்தது. 1934 தேர்தல்ல தோத்துட்டார். அடுத்து 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். எர்ணாகுளத்துல இருக்கிற சண்முகம் ரோடு இவர் பேர்லதான்.

1944ல் ஐஎம்எஃப், உலக வங்கி ரெண்டும் உருவான பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு இந்தியக் குழுவில் ஒருவரா போனார். போருக்காக பிரிட்டன் இந்தியாவிடம் வாங்கின சரக்குக்கெல்லாம் காசு தராம, லண்டன்ல கணக்கு மட்டும் எழுதி வெச்சிருந்தது. போர் முடியும்போது அது சுமார் 130 கோடி பவுண்ட். கடன் கொடுத்தது காலனி, வாங்கினது பேரரசு! இந்தப் பிரச்சினையை இந்தியக் குழு அங்கே எழுப்பியது. இது ரெண்டு நாடுகளும் தனியா பேசித் தீர்க்க வேண்டியதுன்னு பிரிட்டன் சார்பில் கெயின்ஸ் ஒதுக்கிட்டார். 1948ல் அதே கடனைப் பத்தி லண்டன்ல பேசி ஒப்பந்தம் போட, நிதியமைச்சரா செட்டியாரே போனார்.

1947ல் நேரு தன் அமைச்சரவையில் காங்கிரஸ்காரர் அல்லாத சிலரையும் சேர்த்தார். அம்பேத்கர் அதில் ஒருவர், செட்டியார் இன்னொருவர். 1947 நவம்பர் 26 அன்று பட்ஜெட். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. செலவில் 92.74 கோடி, அதாவது கிட்டத்தட்ட பாதி, ராணுவத்துக்கு. பிரிவினை, அகதிகள், காஷ்மீர் எல்லாம் ஒரே நேரத்துல நடந்த காலம்.

அப்புறம்தான் சிக்கல். போர்க்கால லாபத்துக்கு வரி கட்டாதவங்களை விசாரிக்க ஒரு கமிஷன் இருந்தது. அதுக்குப் போக வேண்டிய பட்டியல்ல இருந்து சில பேர்கள் நீக்கப்பட்டன. கேள்வி எழுந்தது. செட்டியார் பொறுப்பை ஏத்துக்கிட்டு 1948 ஆகஸ்ட்ல ராஜினாமா செஞ்சார்.

எங்க வேலையில டேட்டாபேஸ்ல ஒரு வரியை அழிச்சா யார் அழிச்சதுன்னு லாக் சொல்லிடும். ஆனா யார் பதில் சொல்லணும்னு லாக் சொல்லாது. பத்து வருஷம் கழிச்சு, எல்ஐசி பணத்தை முந்த்ரா கம்பெனிகள்ல போட்ட விவகாரத்துல இதே கேள்வி இன்னொரு தமிழ் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்கு வந்தது. செயலாளர் செஞ்சதுக்கு அமைச்சரும் பொறுப்புன்னு சாக்ளா கமிஷன் சொன்னது. 1958ல் டிடிகேவும் விலகினார்.

செட்டியார் 1953ல் காலமானார். சிலப்பதிகாரம் புகார்க்காண்டத்துக்கு உரை எழுதினவர், தமிழிசை இயக்கத்துல முன்னால நின்னவர். பதவி போனதை மட்டும் வெச்சு இவரை எடை போட முடியாது. ஆனா துறையில தப்பு நடந்தா மேல இருக்கிறவர் விலகணும்ங்கிற வழக்கம் இந்த நாட்டில் எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சுக்க, இவர் கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.